கடலுக்கு அப்பால் இருந்த கை

சஸ்திர வைத்தியருக்குக் கைதான் மூலதனம். அந்தக் கை நோயாளியின் உடலைவிட்டுப் படிப்படியாக விலகி, முடிவில் ஒரு மகாசமுத்திரத்துக்கு அப்பால் இருந்தே வேலை செய்த விருத்தாந்தத்தைப் பித்தப்பை என்னும் சிறு உறுப்பின் சிகிச்சையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

1882இல் பெர்லின் நகரத்தில் லாங்கன்புக் என்னும் வைத்தியர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது வயிற்றைத் திறந்து, கையை உள்ளே விட்டே அகற்றினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அதுவே சம்பிரதாயமாக நிலைத்தது. 1985இல் ஜெர்மனியின் போப்லிங்கன் ஊரில் எரிக் மியூஹே என்பவர், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துவாரத்தின் வழியே கருவிகளைச் செலுத்தி அதே காரியத்தைச் சாதித்தார். அவரை மெச்சவேண்டிய சக வைத்தியர்கள் பரிகசித்தார்கள் என்பதை நினைக்க இன்றும் மனம் வருந்துகிறது.

ஆயினும் துவார சிகிச்சையில் ஒரு சங்கடம் உண்டு. நீண்ட கருவி வயிற்றுச் சுவரில் ஊன்றித் திரும்புவதால், ஏற்றமரத்தின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல, வைத்தியர் கையை வலப்புறம் அசைத்தால் உள்ளே நுனி இடப்புறம் போகும். இந்த மாறாட்டத்தைக் கணிப்பொறியால் நேராக்கி, விரலின் நடுக்கத்தையும் வடிகட்டி, கையின் அசைவைக் கருவியின் நுனிக்குக் கொண்டு சேர்ப்பதே ரோபோவின் தொழில். அது தானாக ஒன்றும் அறுப்பதில்லை. 1997இல் பெல்ஜியத்தில் ஹிம்பென்ஸ், காடியேர் என்னும் வைத்தியர்கள் இத்தகைய யந்திரத்தால் பித்தப்பையை எடுத்தபோது, வைத்தியர் நோயாளியின் பக்கத்தைவிட்டு விலகிச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அந்த விலகலுக்கு ஈடாக ஸ்பரிசத்தை இழக்க நேர்ந்தது: தையல் நூலை இழுக்கையில் அது அறுந்துவிடுமா என்பதை விரல் சொல்லவில்லை, நூலின் விறைப்பைக் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது.

2001 செப்டம்பர் 7ஆம் தேதி, நியூயார்க்கில் அமர்ந்த ழாக் மாரெஸ்கோ என்னும் வைத்தியர், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த 68 வயது மாதின் பித்தப்பையை, ஜீயஸ் என்னும் யந்திரத்தின் கரங்களால் 54 நிமிஷத்தில் அகற்றினார். கையசைவு கண்ணாடியிழைக் கம்பி வழியே கடலைக் கடந்து போய், அதன் காட்சி அவர் கண்ணுக்குத் திரும்பி வர ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அட்லாண்டிக்கை விமானத்தில் தனியே கடந்த லிண்ட்பெர்கின் பெயரை அந்தச் சிகிச்சைக்குச் சூட்டினார்கள். பெயர் பொருத்தந்தான், ஆனால் லிண்ட்பெர்க் தனியாகப் பறந்தார், மாரெஸ்கோ தனியாக இல்லை. தொடர்பு அறுந்தால் அந்தக் கணமே காரியத்தை ஏற்றுக்கொள்ள, ஸ்ட்ராஸ்பர்க்கில் அந்த அம்மாளின் பக்கத்திலேயே வேறு வைத்தியர்கள் ஆயத்தமாக நின்றார்கள். தொடர்பு அறவில்லை, இரண்டு நாளில் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார்.