விலகிச் செல்லும் உரிமை: தாய்லாந்துச் சுற்றுலாச் சந்தைகளில் பேரமும் அறமும்

தாய்லாந்தின் சுற்றுலாச் சந்தைகளில் நடக்கும் பேரத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் வேரூன்றியுள்ளன. வெளிநாட்டவரின் அறியாமையைப் பயன்படுத்திப் பணம் பறிக்கும் ஏமாற்று வேலை அது என்பது ஒன்று. கீழை நாடுகளின் தொன்மையான வணிகப் பண்பாடு, பயணி ரசித்துப் பங்கேற்க வேண்டிய விளையாட்டு என்பது மற்றொன்று. இக்கட்டுரை இரண்டையும் மறுக்கிறது. இருவர் ஒரே ஒருமுறை மட்டும் சந்திக்கும் சூழல் உருவாக்கிய விலை நிர்ணய முறைதான் இந்தப் பேரம். அதன் நேர்மையை முதலில் சொல்லப்படும் விலையின் உயரத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. வாங்குபவர் பேச்சை முறித்துக்கொண்டு தடையின்றி விலகிச் செல்ல முடிகிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

தொன்மை என்னும் தோற்றம்

பாங்காக்கின் புகழ்பெற்ற வார இறுதிச் சந்தை 1940களில் தொடங்கியது. சனாம் லுவாங் திடலிலிருந்து இன்றைய சட்டுச்சாக் பகுதிக்கு அது 1982இல் இடம்பெயர்ந்தது. நகரவாசிகளின் தேவைக்காகவே அது உருவாயிற்று. சுற்றுலாவுக்கென அரசு ஓர் அமைப்பை 1960இல் நிறுவியபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் வெளிநாட்டவர்கூட அந்நாட்டுக்கு வரவில்லை. 2019இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4 கோடி. பயணிகளோடு நடக்கும் பேரம் இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில் பெருகி வளர்ந்த ஒன்று.

பண்பாட்டு விளக்கத்துக்கு எதிரான வலுவான சான்று உள்ளூர்க் காய்கறிச் சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கே கீரைக்கும் மீனுக்கும் விலை பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்ததே. விற்பவர் விலையைக் குறைப்பதைவிட, வாடிக்கையாளருக்கு ஒரு கைப்பிடி கொத்தமல்லியைக் கொசுறாகச் சேர்த்துவிடுவதுதான் வழக்கம். தெருவோர உணவுக் கடைகளில் நூடுல்ஸ் விலையை யாரும் பேசிக் குறைப்பதில்லை. அதே சமூகத்தார், அதே நகரத்தில், யானை படம் அச்சிட்ட கால்சட்டையை வெளிநாட்டவருக்கு விற்கும்போது மட்டும் விலை நெகிழ்கிறது. பேரத்தின் வேர் தாய்லாந்து மக்களின் இயல்பில் இருந்திருந்தால் அது எல்லாப் பொருள்களிலும் ஒரே அளவில் தென்பட வேண்டும். தென்படாததால், காரணத்தை வணிகம் நடக்கும் சூழலில்தான் தேட வேண்டும்.

தகவலும் பொறுமையும்

மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆய்ந்து 1978இல் எழுதிய கட்டுரை இங்கே துணைநிற்கிறது. அத்தகைய சந்தையில் நம்பகமான தகவல்தான் அரிய பொருள். அந்தக் குறையை ஈடுசெய்ய இரு வழிகள் உருவாகின்றன. ஒரே வணிகரிடம் திரும்பத் திரும்பச் செல்லும் வாடிக்கை உறவு ஒரு வழி, பேரம் மற்றொன்று. சுற்றுலாச் சந்தைக்கு இதைப் பொருத்தினால் ஒரு முக்கிய வேறுபாடு புலப்படும். நாளை விமானம் ஏறப்போகும் பயணியோடு வாடிக்கை உறவுக்கு இடமே இல்லை. கீர்ட்ஸின் சந்தையில் இரண்டு தூண்கள் தாங்கிய சுமையை இங்கே பேரம் ஒன்றே தாங்குகிறது.

விற்பவருக்குக் கொள்முதல் விலை தெரியும். போ பே, பிரதுநாம், சம்பேங் போன்ற மொத்த விற்பனைப் பகுதிகளிலிருந்து சரக்கு வருகிறது. சம்பளத்துக்கு நிற்கும் பணியாளர் என்றால், எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை முதலாளி சொல்லி வைத்திருப்பார். பயணிக்கோ, கேட்ட முதல் விலை தவிர வேறு எந்தப் பிடிமானமும் இல்லை. அவரிடம் இருக்கும் ஒரே வலிமை, அதே கால்சட்டை நான்கு கடை தள்ளியும் தொங்குகிறது என்பது. அடுத்தடுத்த கடைகளில் ஒரே சரக்கு குவிந்திருப்பதைப் பயணிகள் சலிப்போடு பேசுவதுண்டு. உண்மையில் அதுவே அவர்களுக்கான பாதுகாப்பு.

பேச்சுவார்த்தையில் பொறுமை கூடியவருக்கே பெரும்பங்கு சேரும் என்பதைப் பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982இல் கணித முறையில் நிறுவினார். பயணியின் நேரம் குறுகியது. கடைக்காரர் இரவு வரை அங்கேதான் இருப்பார். இதனால் விற்பவரே எப்போதும் வெல்வார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடை வாடகை விற்பனையைப் பார்த்துக் குறைவதில்லை. பெருந்தொற்றுக் காலமான 2021இல் பயணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4.3 லட்சமாகச் சரிந்தபோது, எந்த விலை சொல்லவும் எதிரே ஆளில்லை. இருவரிடமும் வலிமை உண்டு, இருவரிடமும் தவிப்பும் உண்டு.

பயண வழிகாட்டி நூல்களின் அறிவுரையையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குங்கள் என்று அவை கற்பிக்கின்றன. ஒரு பொருளை 150 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்கு விற்க விரும்புபவர் 200 என்று சொல்லித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வருபவர் எல்லாரும் 100 என்று கேட்கத் தொடங்கினால், அவர் மறுநாள் முதல் 300 என்றே சொல்வார். உயர்ந்த முதல் விலை, பாதியாகக் குறைக்கும் பழக்கத்துக்கான மறுமொழியும் ஆகிறது. அதைக் கடைக்காரரின் பேராசைக்கு மட்டும் சான்றாகக் காட்டுவது பாதிக் கணக்கு.

பேரத்தின் ஒழுங்கு

இந்தப் பேரம் வரம்பற்றதும் அல்ல. மொழி தெரியாத இருவருக்கிடையே கால்குலேட்டர் கைமாறுகிறது. ஒருவர் எண்ணை அழுத்திக் காட்ட, மற்றவர் அழித்துத் தம் எண்ணை இடுகிறார். குரல் உயரக் கூடாது. பிறரைச் சங்கடப்படுத்தத் தயங்கும் உணர்வைத் தாய்லாந்து மக்கள் ‘கிரெங் ஜாய்’ என்பர். முகம் சுளிக்கும் பயணிக்கு விலை குறைவது அரிது. தாம் கேட்ட விலைக்கு விற்பவர் இசைந்தபின் வாங்காமல் நடப்பது பெருந்தவறு. காலைப் போணிக்கு விற்பவர் கூடுதலாக இறங்கி வருவதுண்டு. கிடைத்த முதல் பணத்தாளால் மற்றச் சரக்குகளைத் தட்டி, நாள் முழுதும் விற்பனை செழிக்க வேண்டிக்கொள்வார். இரு தரப்பையும் கட்டும் இத்தகைய நெறிகள், விலைப்பேச்சை வெறும் பறிப்பிலிருந்து பிரிக்கின்றன.

இரட்டை விலையும் பேரமும்

ஆள் பார்த்து விலை சொல்வதே அநீதி என்பது வலுவான மறுப்பு. ஒப்பிட ஒரு சான்று: பாங்காக் அரண்மனையைக் காண வெளிநாட்டவர் 500 பாட் தர வேண்டும், தாய்லாந்து மக்களுக்குக் கட்டணமில்லை. தேசியப் பூங்காக்களிலும் இருவருக்கும் வேறு வேறு கட்டணம். அரசின் இந்த ஏற்பாட்டில் எல்லைக்கோடு குடியுரிமை. பேசி அதைக் கடக்க இயலாது. சந்தையிலோ, மறுபடி வருபவருக்கும், தாய்லாந்து மொழியில் நான்கு சொல் பேசுபவருக்கும், மூன்று உருப்படி சேர்த்து வாங்குபவருக்கும் விலை இறங்குகிறது. பேரம் வேறுபாடு காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டைத் தாண்டும் வழியையும் அதுவே திறந்து வைக்கிறது.

ஏழை வணிகரிடம் பேரம் பேசுவதே தவறு என்னும் எதிர்முனை வாதத்தையும் ஏற்க முடியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு நகரும் பயணி, தொழில் தெரிந்த ஒருவரை இரக்கத்துக்குரியவராகச் சுருக்கிவிடுகிறார். அதேவேளை, விற்பவரின் அடிவிலை வரை அவரை விரட்டி, இருபது பாட்டுக்காக அரைமணி நேரம் கரைப்பதிலும் பெருமையில்லை.

எல்லை எங்கே?

விலகும் உரிமையை அளவுகோலாகக் கொண்டால், குழம்பிக் கிடக்கும் பல நிகழ்வுகள் தெளிவாகப் பிரியும். சட்டுச்சாக்கில் 400 பாட் என்று சொல்லப்பட்ட சட்டையை விட்டு நடந்துவிடலாம். தம்னோன் சதுவாக் மிதவைச் சந்தையில் படகோட்டி நிறுத்தும் கடையைத் தவிர வேறெங்கும் இறங்க முடியாத பயணிக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று பொய் சொல்லித் தரகுக்காக ரத்தினக் கடைக்கு அழைத்துச் செல்லும் ஓட்டுநர், கடற்கரையில் வாடகை நீர்ச்சறுக்கு வண்டியைத் திருப்பித் தரும்போது இல்லாத சேதத்துக்குப் பணம் கேட்பவர் ஆகியோர் செய்வது பேரமே அல்ல. அங்கே மறுப்பதற்கான வழி முன்கூட்டியே அடைக்கப்பட்டிருக்கிறது. இவை அனைத்தையும் ‘ஏமாற்று’ என ஒரே கூடையில் போடுவது, நேர்மையான கடைக்காரருக்கு இழைக்கும் அநீதி.

தாய்லாந்தின் 1999ஆம் ஆண்டு விலைச் சட்டத்தின்படி விற்பனை விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். எழுதி வைத்த விலை பேரத்தை ஒழித்துவிடாது. அதற்கு ஓர் உச்சவரம்பைத் தரும், பயணிக்கு இல்லாத பிடிமானத்தையும் தரும். ஆனால் அதிகாரிகளின் கண்காணிப்பு முதலில் செல்ல வேண்டிய இடம் துணிக்கடைகள் அல்ல. படகுத்துறைகளும் வாடகை வண்டி நிறுத்தங்களும் தரகர் வழியாக ஆள் சேர்க்கும் நகைக்கடைகளும்தான். மாற்றுக் கடை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரை, முன்பின் அறியாத இருவர் ஒரு விலையில் ஒத்துப்போவது மதிக்கத்தக்க இணக்கமே. அந்த வாய்ப்பைக் காப்பதுதான் சட்டத்தின் முதல் கடமை. விலையை அவர்களே பேசிக்கொள்வார்கள்.