குவைத்: செல்வம் காத்ததா, ஆலோசனை காத்ததா?

நம் ஊர்களில் குவைத்தை அறியாத வீடு அரிது. அங்கே சென்று உழைத்தவர், அந்நாட்டு தீனாரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், வீடு கட்டியவர் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். எனினும், அந்தச் சிறிய நாடு தன் பெரிய அண்டை நாடுகளுக்கிடையே எவ்வாறு நிலைத்தது, தன் மக்களை எவ்வாறு ஆண்டது என்னும் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

எண்ணெய் கிடைப்பதற்கு முன்னர் முத்துக்குளிப்பும் கடல் வாணிபமுமே குவைத் மக்களின் வாழ்வாதாரம். அவர்களுடைய மரக்கலங்கள் பஸராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு மலபார் கரைக்கு வந்து, மரம் வாங்கித் திரும்பின. 1961 ஆம் ஆண்டு வரை அங்கே புழங்கியது இந்தியா வெளியிட்ட ரூபாயே. ஆளும் ஸபாஹ் குடும்பம் வணிகர்கள் செலுத்திய வரியை நம்பியிருந்தது. ஆகவே அவர்களைக் கலந்தாலோசித்தே ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. ‘திவானிய்யா’ எனப்படும் வீட்டு வரவேற்பறைகளில் கூடி ஊர்க் காரியம் பேசும் வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது.

1899 இல் ஆட்சியாளர் ஷேக் முபாரக், உதுமானியப் பேரரசின் பிடிக்கு அஞ்சி பிரிட்டனுடன் உடன்படிக்கை செய்தார். வலிமை வாய்ந்த ஒரு நண்பரைத் துணை கொண்டு, அருகிலுள்ள வல்லவரிடமிருந்து தப்புவது என்னும் குவைத்தின் வெளியுறவுக் கொள்கைக்கு அதுவே அடித்தளமாயிற்று.

1938 இல் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நடந்தன. புர்கான் பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. வணிகப் பெருமக்களின் வற்புறுத்தலால் 14 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் ஒன்றும் அமைந்தது. அம்மன்றம் அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே கலைக்கப்பட்டது. எண்ணெய் வருவாய் பெருகப் பெருக ஆட்சியாளர் வணிகரின் வரியை எதிர்பார்க்க வேண்டிய நிலையும் மறைந்தது. ஆனால், அம்மன்றத்துக்குத் தலைமை வகித்த ஷேக் அப்துல்லாஹ் அஸ்ஸாலிம் 1950 இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். விதை மடியவில்லை.

19 ஜூன் 1961 அன்று குவைத் விடுதலை பெற்றது. ஒரு வாரத்திற்குள் இராக்கின் அப்துல் கரீம் காசிம் அந்நாட்டைத் தமக்கே உரியதெனக் கூறினார். பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கின. பின்னர் அரபு லீகின் படைகள் அவற்றின் இடத்தில் நின்றன. இந்நெருக்கடிக்குப் பின்னர் அமீர் அப்துல்லாஹ் இரு காரியங்களைச் செய்தார். அரபு நாடுகளின் வளர்ச்சிக்குக் கடன் வழங்கும் குவைத் நிதியத்தை நிறுவி, செல்வத்தால் நண்பர்களைத் தேடினார். 1962 நவம்பரில் அரசியல் சட்டத்தைப் பிறப்பித்து, தேர்ந்தெடுக்கப்படும் 50 உறுப்பினர்களைக் கொண்ட ‘மஜ்லிஸுல் உம்மா’வுக்கு வழி வகுத்தார். 1963 இல் குவைத் ஐக்கிய நாடுகள் சபையில் இடம்பெற்றது. அவ்வாண்டே இராக்கும் அதனை அங்கீகரித்தது.

அமைச்சர்களைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும் மன்றம் ஆட்சியாளருக்கு எப்போதும் இனிப்பதில்லை. 1976 இலும் 1986 இலும் மன்றம் கலைக்கப்பட்டு, உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. 1989 இறுதியில் மக்கள் திவானிய்யாக்களில் கூடி மன்றத்தைத் திரும்பக் கேட்டனர். கோரிக்கை நிறைவேறவில்லை.

2 ஆகஸ்ட் 1990 அன்று சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. ஈரானுடன் எட்டாண்டுகள் நடந்த போரில் இராக் பட்ட கடனும், எண்ணெய் விலை பற்றிய பிணக்கும் அதற்குக் காரணங்களாயின. அமீர் சவூதி அரேபியாவில் தஞ்சம் புகுந்தார். அந்த வேளையில்தான் ஆலோசனையின் மதிப்பு விளங்கியது. மன்றம் கேட்டுப் போராடிய எதிரணித் தலைவர்களுள் குறிப்பிடத்தக்க எவரும் ஆக்கிரமிப்பாளருடன் கைகோக்க இசையவில்லை. அக்டோபரில் ஜித்தாவில் கூடிய குவைத் மக்கள் ஆளும் குடும்பத்துக்கே ஆதரவளித்தனர். அரசியல் சட்டம் மீளும் என்னும் வாக்குறுதியையும் பெற்றனர். 1991 பிப்ரவரியில் பன்னாட்டுப் படைகள் நாட்டை மீட்டன. 1992 இல் தேர்தல் நடந்தது.

அந்தப் போரின் துயரம் நம் வீடுகளையும் தொட்டது. அம்மானுக்குத் தரை வழியே வந்துசேர்ந்த இந்தியரை ஏர் இந்தியா விமானங்கள் தாயகம் கொண்டுவந்தன. மீண்டவர் சுமார் 1,70,000 பேர் என்பர். பாலஸ்தீனத் தலைமை இராக்கின் பக்கம் சாய்ந்ததாகக் கருதப்பட்டதால், பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்து உழைத்த பாலஸ்தீனியருள் பெரும்பாலோர் குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தலைவர்களின் நிலைப்பாட்டுக்குச் சாமானியர் விலை கொடுத்தனர்.

பிந்தைய ஆண்டுகளில் 2005 இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 2006 இல் அரியணைப் பூசல் எழுந்தபோது மன்றமே வாக்களித்து அதனைத் தீர்த்தது. 2017 இல் சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகள் கத்தாரைத் தனிமைப்படுத்தியபோது, அமீர் ஸபாஹ் இரு தரப்பையும் இணைக்கப் பாடுபட்டார். 2021 இல் உடன்பாடு கைகூடியபோது அவர் உயிருடன் இல்லை.

ஆயினும் மன்றத்துக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறி முற்றியது. 2024 மே மாதம் அமீர் மிஷ்அல் மன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்காண்டுகள் வரை நிறுத்தி வைத்தார். ஓயாத பூசலால் நாட்டின் பணிகள் தேங்கின என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

எனினும் 1990 சொல்லும் பாடம் ஒன்றுண்டு. எண்ணெய்ச் செல்வம் பகைவனைத் தடுக்கவில்லை. மாறாக அவனை ஈர்த்தது. நாட்டை மீட்கப் பிறநாட்டுப் படைகள் வந்தது உண்மையே. ஆனால், மீட்கப்பட வேண்டிய நாடு ஒன்று உண்டு என்று உலகுக்கு உரைத்து நின்றவர்கள், கேள்வி கேட்கப் பழகிய அம்மக்களே. அவர்களுடைய கேள்விகளுக்கு மீண்டும் இடம் கிடைக்குமா என்பதைக் காலம் உணர்த்தும்.