முதலில் தெருவா, முதலில் மனையா? - மரக்காணம் கடற்கரையின் சாலைக் கதை



பி.காம். படிக்கிறவனுக்குத் தெருவைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். தெருவும் ஒரு முதலீடுதானே! அதுவும் ஒரு தடவை போட்டுவிட்டால் பிறகு லேசில் மாற்ற முடியாத முதலீடு. கட்டடம் பிடிக்கவில்லையா, இடித்துக் கட்டலாம். தெருவை மாற்ற வேண்டுமென்றால் ஐம்பது பேருடைய பட்டாவில் கை வைக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாலு பக்கமும் வழி போகிற நாற்சந்திக்கு 4 மார்க். மூன்று வழி சேரும் முச்சந்திக்கு 3. முட்டுச் சந்தின் முனைக்கு 1. ஓர் ஊரிலுள்ள எல்லா சந்திப்புகளுக்கும் சராசரி போட்டால், அந்த ஊர்த் தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். சராசரி குறையக் குறைய, பக்கத்து வீட்டுக்குக்கூட சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் பேரூராட்சி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய கடற்கரை. ஆனால் நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே உப்பளமும் உப்பங்கழியும், தென்மேற்கே கழுவெளி ஏரி. நடுவில் ஓடுவது ஒரு மணல் மேடு. குறுக்கே தெரு போட இடமே குறைவு. அதனால் இந்தக் கரையில் போக்குவரத்து எப்போதுமே வடக்கு-தெற்காக ஒரே கோடுதான்.

முதல் கோடு தண்ணீரில் வந்தது. 1806ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் கால்வாய் என்று தொடங்கியது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. அதன் தென்கோடி நம்ம மரக்காணம். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. 1965, 66 புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமானது. 2008ல் தேசிய நீர்வழி 4ல் சேர்த்து அறிவித்தார்கள், ஆனால் இந்தப் பக்கம் பழைய படகுப் போக்குவரத்து திரும்பவில்லை.

இரண்டாவது கோடு ஈ.சி.ஆர். மீனவ கிராமங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்த சாலைகளை இணைத்து, 2002ல் சுங்கச் சாலையாக்கினார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கலர் கொடி, நுழைவு வளைவு, "கடற்கரை அருகில் மனைகள்" போர்டு!

இங்கேதான் காமர்ஸ் வருகிறது. ஒரு புரமோட்டர் இரண்டு ஏக்கர் வாங்கி பிளாட் போடுகிறார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தெரு போதும், எல்லா மனையும் விற்றுவிடும். அந்தத் தெருவைப் பக்கத்து லேஅவுட்டோடு இணைக்க, 30 அடி அகலத்தில் 200 அடி நீளம் வேண்டும் என்று வையுங்கள். 6,000 சதுர அடி, அதாவது 1,200 சதுர அடி மனை ஐந்து. நஷ்டம் அவருக்கு, லாபம் ஊருக்கு. யார் விடுவார்கள்? பக்கத்துக்காரரும் இதே கணக்கைத்தான் போடுவார். ஆளுக்கு ஆள் சரியாகக் கணக்குப் போட்டு, மொத்தத்தில் ஊர் தப்பாகிவிடுகிறது. நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போக, 400 மீட்டர் நடந்து ஈ.சி.ஆர். வந்து, 100 மீட்டர் வண்டிகளுக்கு நடுவே போய், மறுபடி 400 மீட்டர் உள்ளே. மொத்தம் 900 மீட்டர்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இது தினசரி கணக்கு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971லேயே வந்தது. ஆனாலும் அனுமதியில்லாத மனைகள் பெருகின. 2016 செப்டம்பரில் அவற்றின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. பத்திரம் சரியாகலாம், முட்டுச் சந்து திறக்காதே!

இதற்கு எதிர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1693ல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கட்டம் கட்டமாகத் தெரு வரைந்தார்கள். 1699ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பியது. 1761ல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765ல் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் எங்கே கட்டினார்கள்? அதே பழைய தெருக் கோட்டில்! வீடு போனது, தெரு பிழைத்தது. இன்றும் அங்கே ஒரு தெரு அடைத்தால் அடுத்த தெருவில் போய்விடலாம்.

அமெரிக்காவிலும் இதே பாடம்தான். பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே புதிய தெருக்களின் இணைப்பு பல பத்தாண்டுகளாகக் குறைந்து, 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறியதாகச் சொல்கிறார்கள். புதுத் தெருவைத் திருத்தலாம், பழையது அப்படியேதான் நிற்கும்.

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. கடல் வந்தால் மேற்கே ஓட வேண்டும், வெள்ளம் வந்தால் மாற்று வழி வேண்டும். முட்டுச் சந்தில் இரண்டும் கிடையாது.

இப்போது மூன்றாவது கோடு. மரக்காணம்-புதுச்சேரி 46 கி.மீ. நான்குவழிச் சாலைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 2,157 கோடி ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் சாலை வேகமாக ஆக ஆக, குறுக்கே கடப்பதும் கஷ்டமாகும். அடுத்த அலை மனைகளும் வரும். மேற்கே 2021ல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, அந்தப் பக்கம் ஊர் பரவவும் கூடாது. ஆக, இருக்கிற கொஞ்ச நிலத்தில் இணைப்புத் தெருக்களை இப்போதே வரைபடத்தில் குறித்து, "இந்தக் கோட்டை விட்டுவிட்டுத்தான் மனை" என்று சொன்னால் செலவு குறைவு. பத்து வருஷம் கழித்து என்றால் வீட்டை இடிக்க வேண்டும்.

உப்பளத்தில் யாரும் முதலில் பாத்தியைக் கட்டிவிட்டு அப்புறம் வாய்க்காலைத் தேடுவதில்லை. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்று முடிவு செய்த பிறகுதான் வரப்பே போடுகிறார்கள். மரக்காணத்துக்காரர்களுக்குத் தெரிந்த இந்த வேலை முறையை, மனைக்கு அனுமதி தருகிறவர்களும் கடைப்பிடித்தால் போதும்.