வானூர்தித் தொடர்பிழப்பு

வானூர்தித் தொடர்பிழப்பு என்பது பறந்துகொண்டிருக்கும் வானூர்தி ஒன்றின் பேச்சுத் தொடர்பும், அதன் இருப்பிடத்தைக் காட்டும் குறிகைகளும் தரைநிலையங்களுக்குக் கிடைக்காமற் போவதைக் குறிக்கும். கருவிப் பழுது, மின்னிழப்பு, தீ, தொலைவு, விமானி அறையில் இருப்பவர் கருவியை நிறுத்துதல் ஆகியவை இதற்குக் காரணங்களாக அமையலாம். தரையில் இருப்போருக்கு இவை அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும்.

கருவிகளும் அவை நின்றுபோகும் விதமும்

முதன்மை ராடார் வானலையை அனுப்பி, வானூர்தியின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெறுகிறது. இதனை வானூர்தியில் இருந்து நிறுத்த இயலாது. ஆனால் குடிசார் வான்போக்குவரத்து பெரிதும் சார்ந்திருப்பது இரண்டாம்நிலை ராடாரையே. தரையில் இருந்து வரும் கேள்விக்கு வானூர்தியின் டிரான்ஸ்பாண்டர் தனது குறியெண்ணையும் உயரத்தையும் விடையாக அனுப்புகிறது. டிரான்ஸ்பாண்டர் நின்றால் அந்த விடையும் நின்றுவிடும். ஏடிஎஸ்-பி முறையின் அறிவிப்பும் பெரும்பாலும் இதே கருவி வழியே செல்வதால் அதுவும் சேர்ந்தே மறையும்.

இத்தகைய கருவிக்கு நிறுத்தும் வசதி எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. மின்கருவி எதுவும் தீப்பற்றக்கூடும்; பறப்பின்போது அதன் மின்னிணைப்பைத் துண்டிக்க வழி இருந்தாக வேண்டும். 1998 செப்டம்பரில் கனடா அருகே கடலில் வீழ்ந்த சுவிசேர் 111 விமானத்தில் தீயினால் மின்னமைப்புகள் செயலிழந்து, கறுப்புப் பெட்டிகளின் பதிவு கடைசி 6 நிமிடங்களுக்கு முன்பே நின்றுபோனது. நிறுத்தவே முடியாத கருவி என்பது கேட்பதற்கு எளிது, வடிவமைப்பதற்குக் கடினம்.

2014 மார்ச் 8 அன்று மலேசியாவின் எம்எச்370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் குறிகை பின்னிரவு 1.21 மணிக்கு மறைந்தது. இராணுவ முதன்மை ராடார் 2.22 வரை அதனைக் கண்டது. செயற்கைக்கோள் முனையம் காலை 8.19 வரை இடையிடையே மறுமொழி அளித்தது. அக்குறிகையில் இருப்பிடத் தகவல் இல்லை. காலத்தாழ்வைக் கொண்டு செயற்கைக்கோளில் இருந்து விமானம் இருந்த தொலைவை மட்டுமே கணிக்க முடிந்தது. 2018 இல் வெளியான மலேசிய அறிக்கை காரணத்தை உறுதிசெய்யவில்லை.

வங்காள விரிகுடா நிகழ்வுகள்

2016 சூலை 22 காலை 8.30 மணிக்கு இந்திய வான்படையின் ஆன்-32 வானூர்தி 29 பேருடன் தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்தில் இருந்து இடப்புறம் திரும்பி விரைவாக உயரம் இழந்ததைச் சென்னை ராடார் 9.12 மணிக்குக் கடைசியாகக் கண்டது. புவியின் வளைவு காரணமாக அத்தொலைவில் ஏறத்தாழ 15,000 அடிக்குக் கீழ் இறங்கும் எதுவும் கரையிலுள்ள ராடாருக்குத் தெரியாது. ஆகவே ராடாரில் இருந்து மறைந்ததைக் கொண்டு மட்டும் கருவி நின்றதா, வானூர்தி தாழ்ந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

ஆவடிக்கு மேற்கே அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ள கடற்படையின் பி-8ஐ வானூர்திகளும் தேடலில் ஈடுபட்டன. ஆன்-32 இல் இருந்த அவசர இடங்காட்டி நீருக்கு மேலேயே பயன்படுவது. அதன் 406 மெகாஎர்ட்சு வானலை கடல்நீரை ஊடுருவாது. நீரடி ஒலிக்குறிகாட்டி அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஓராண்டு முன்னர், 2015 சூன் 8 அன்று மூவருடன் காணாமற்போன கடலோரக் காவல்படையின் டார்னியர் வானூர்தியில் அது இருந்தது. அதன் ஒலியை நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்துவஜ் கேட்டதால், அடுத்த மாதமே சுமார் 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன.

ஆன்-32 இல் சென்ற 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாக 2016 செப்டம்பரில் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி, கரையில் இருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. பாதுகாப்பு அமைச்சகம் இதனை 2024 சனவரி 12 அன்று அறிவித்தது. கடைசி ராடார் புள்ளிக்கு அருகிலேயே கிடந்ததைக் காண ஏழரை ஆண்டுகள் ஆயின.

பின்னைய விதிகள்

பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் விதிப்படி, 2018 நவம்பர் முதல் பெருங்கடல்கள் மேல் பறக்கும் பெரிய பயணியர் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பெறப்பட வேண்டும். 2024 முதல் முதற்சான்று பெறும் 27 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களில், ஆபத்தின்போது நிமிடத்திற்கு ஒருமுறையேனும் தானாகவே இருப்பிடத்தை அறிவிக்கும் ஏற்பாடும் கோரப்படுகிறது. இவ்விதிகள் இராணுவ வானூர்திகளைக் கட்டுப்படுத்துவதில்லை.