எழுதியதும் பதிந்ததும்

கணிப்பொறிக்கு நினைவு இருவகைப்படும். ஒன்று மிக விரைவானது. ஆனால் மின்சாரம் நின்ற கணமே அனைத்தையும் மறந்துவிடுவது. மற்றொன்று மெதுவானது, ஆனால் பொறி உறங்கும் காலத்திலும் தான் ஏற்றதை விடாமல் காப்பது. முன்னதை நினைவகம் என்றும், பின்னதை வட்டு என்றும் வழங்குகிறோம். விரைவும் நிலைபேறும் ஒரே இடத்தில் வாய்ப்பது அரிதாயிற்று. அக்குறையை நிரப்ப அறிஞர்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன். அது பொறிகளின் வரலாறு மட்டுமன்று; 'எழுதியாயிற்று' என்னும் ஒரு சொல்லின் பொருள் மாறிவந்த வரலாறும் ஆகும்.

1956-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள சான் ஓசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய ராமாக் என்னும் அமைப்போடு வட்டுகளின் காலம் தொடங்கிற்று. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் சுழன்றன. அவை 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. வேண்டிய செய்தியை எடுக்கச் சராசரியாக 0.6 விநாடி ஆயிற்று. மனிதருக்கு அது அற்பப் பொழுது. கணக்கிடும் பொறிக்கோ அது நெடுங்காத்திருப்பு.

இக்காத்திருப்பைத் தவிர்க்கும் வழி நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு வேண்டிய மிளகும் மல்லியும் உள்ளறைப் பானையில் இருக்கும். அன்றாடம் வேண்டியது மட்டும் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். தாளிக்கும் நேரத்தில் யாரும் உள்ளறைக்கு ஓடுவதில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர் தோழர்களும் இம்முறையையே பொறிக்குக் கற்பித்தனர். 1962 டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியில், 16,384 சொற்களைக் கொண்ட விரைவு நினைவகமும், 98,304 சொற்களைக் கொண்ட சுழல் உருளையும் இருந்தன. நிரல் எழுதுவோருக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றின. எந்தப் பக்கம் அண்மையில் பயன்பட்டது, எது சும்மா கிடக்கிறது என்று கவனித்து, பயன்படாததை உருளைக்கு அனுப்பும் பொறுப்பைப் பொறியே ஏற்றது.

1965-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ், பெரிய நினைவகத்திற்கு முன்னே சிறியதும் மிக விரைவானதுமான ஓர் ஏவல் நினைவகத்தை வைக்கலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். மூன்றாண்டுகளில், 1968-இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் 360 வரிசையைச் சேர்ந்த 85-ஆம் மாதிரியில் அக்கருத்து வணிகப் பொறியாக அறிவிக்கப்பட்டது. அதை விளக்கும் கட்டுரையில் அவ்வுறுப்புக்கு இடப்பட்ட பெயர் 'கேஷ்' என்பது. மறைத்துவைத்த சேமிப்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அது.

படிக்கும் வரையில் இதில் தொல்லை இல்லை. அஞ்சறைப் பெட்டி கவிழ்ந்தாலும் உள்ளறைப் பானை இருக்கிறது. எழுதும்போதுதான் சங்கடம் தோன்றுகிறது. கடைக் கணக்கர் நாள் முழுதும் நடக்கும் வரவு செலவுகளைச் சிட்டையில் விரைந்து குறித்துக்கொள்வார். ஓய்வு கிடைத்தபோது பேரேட்டில் பதிவார். பதியும் முன்னே சிட்டை தொலைந்தால் அன்றைய வணிகமே தொலைந்தது.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பு இந்தச் சிட்டை முறையைத் துணிந்து கையாண்டது. ஒரு நிரல் வட்டில் எழுதச் சொன்னால், அமைப்பு அதை நினைவகத்திலுள்ள இடைத்தாங்கியில் வாங்கிக்கொண்டு, 'ஆயிற்று' என்று விடை சொல்லிவிடும். ஒரே பகுதி பத்து முறை திருத்தப்பட்டாலும் வட்டுக்குச் செல்வது ஒரு முறையே என்பதால் விரைவு மிகுந்தது. ஆயின் 'ஆயிற்று' என்ற சொல் மெய்யாவது சற்றுப் பின்னரே. ஆகவே 'சிங்க்' என்னும் கட்டளை அளிக்கப்பட்டது: தாங்கியில் உள்ளதையெல்லாம் வட்டுக்கு அனுப்புக என்பது அதன் பொருள். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் 30 விநாடிக்கு ஒரு முறை இதனைச் செய்யும் சிறு நிரல் ஒன்று இடைவிடாது இயங்கிற்று. அந்நாளில் இக்கட்டளை எழுத்து வேலையைத் தொடங்கிவைத்ததேயன்றி, அது முடியும் வரை காத்திருக்கவில்லை. ஆதலால் பொறியை நிறுத்துமுன் 'சிங்க்' என்று மூன்று முறை தட்டுவது பழைய யூனிக்ஸ் நிருவாகிகளின் வழக்கமாயிற்று. அது மந்திரமன்று. மூன்று வரி தட்டும் நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துக்கொள்ளும் என்பதே அதன் உட்பொருள்.

நினைவகத்தின் ஒரு பகுதியையே வட்டாக வேடமிட்டு வைக்கும் முறையும் வளர்ந்தது. 1984-இல் ஐ.பி.எம். சிறு கணிப்பொறிகளுக்கு வந்த பி.சி. டாஸ் 3.0 பதிப்பில், 'விடிஸ்க்' என்னும் நிரலை ஒரு வரியில் குறித்தால், ஓசையின்றி மின்னல் வேகத்தில் இயங்கும் ஒரு வட்டு கிடைத்தது. இன்றைய லினக்ஸில் இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, மெய்யான வட்டுச் சாதனம் போலவே தோன்றும் நினைவக வட்டு. அதில் கோப்பு முறைமையை நாமே அமைக்க வேண்டும். மற்றொன்று, 2001-இல் லினக்ஸ் 2.4 பதிப்போடு வந்த 'டெம்ப்-எஃப்எஸ்'. 'மவுண்ட்' கட்டளை ஒன்றே போதும். அது வேண்டிய அளவே வளரும்; வரம்பு குறிக்காவிடில் நினைவகத்தில் பாதி வரை செல்லும். நான் பெரிய நிரல்களைத் தொகுக்கும்போது இடைக்காலக் கோப்புகளை இதில் வைப்பது வழக்கம். எனினும் ஒன்று கூறவேண்டும். ஒரு முறை படித்த கோப்பை லினக்ஸ் தானாகவே ஓய்வான நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஆதலால் மறுமுறை படிப்பதற்கென்றே தனி வட்டு அமைப்போர் எதிர்பார்த்த பயனைப் பெரும்பாலும் காண்பதில்லை.

இனி, சொல் பொய்த்த இரு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். 1993-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 6 பதிப்பில் 'ஸ்மார்ட்டிரைவ்' என்னும் நிரல், எழுத்தைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் திரையில் கட்டளைக் குறியைக் காட்டிவிடும். குறியைக் கண்டவர், வேலை முடிந்தது என்று நம்பி மின்விசையை நிறுத்தினால் எழுதியது அழிந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 6.2 பதிப்பில், தாங்கியிலுள்ளது வட்டில் பதிந்த பின்னரே குறி தோன்றுமாறு இயல்பு நிலை மாற்றப்பட்டது.

மற்றொன்று 2018-இல் வெளிப்பட்டது. 'எஃப்சிங்க்' என்பது ஒரு தனிக் கோப்பை வட்டில் பதியச் செய்யும் அழைப்பு. வட்டு பிழை செய்ததால் அது ஒரு முறை தோல்வியுற்றால், லினக்ஸ் அப்பக்கங்களைத் தூயவை என்று குறித்துவிடக் கூடும் என்பதையும், மறுமுறை அழைத்தால் 'வெற்றி' என்று விடை வரக் கூடும் என்பதையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வல்லுநர்கள் கண்டனர். பல்லாண்டுகளாக நம்பிய உறுதிமொழி அது. 2019 முதல் அத்தரவுத்தளம், அவ்வழைப்பு தோல்வியுற்றால் மறுபடி முயலாமல், தன்னையே நிறுத்திக்கொண்டு தன் குறிப்பேட்டிலிருந்து மீள்கிறது.

இவ்வரலாற்றின் பாடம் வேகம் தீது என்பதன்று. 2013-இல் லினக்ஸில் சேர்ந்த 'பி-கேஷ்', மெதுவான வட்டுக்கு முன்னே விரைவான திண்ம வட்டைத் தாங்கியாக நிறுத்துகிறது. இயல்பாக அது இரண்டிலும் எழுதிய பின்னரே விடை சொல்லும்; விரைவு மிக வேண்டுவோர், பின்னர்ப் பதியும் முறையைத் தாமே தெரிந்து ஏற்கவேண்டும். அதுவே நேர்மையான ஏற்பாடு. நாமும் கட்டளை வரியின்முன் அமரும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோமாக: இக்கோப்பு அழிந்தால் மறுபடி ஆக்க முடியுமா? முடியுமாயின் நினைவக வட்டில் தாராளமாக வைக்கலாம். ஒருவர் உழைத்து ஒரே முறை எழுதியதாயின், அதைப் பேரேட்டில் ஏற்றிய பின்னரே விளக்கை அணைக்க வேண்டும்.