கண்டிப் போர்களிற் படை மருத்துவம்: கணக்கிடப்பட்டோரும் கணக்கிடப்படாதோரும்

போர் வரலாறுகளை எழுதியோர் தளபதிகளையும் உடன்படிக்கைகளையுமே பெரும்பாலும் முதன்மைப்படுத்தியுள்ளனர். ஆயின், கண்டி இராச்சியத்தின் மீது பிரித்தானியர் நிகழ்த்திய படையெடுப்புகளை நோக்குமிடத்து, துவக்குக்குப் பலியானோரைவிடக் காய்ச்சலுக்கும் சீதபேதிக்கும் பலியானோரே மிகப் பலர் என்பது புலனாகும். எனவே, நோயுற்ற படைவீரனை யார் பேணினர், யார் சுமந்தனர், யாருடைய இறப்பு ஏட்டிற் பதியப்பட்டது என்னும் வினாக்கள் வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கப்படத்தக்கனவல்ல. கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு அவ்வினாக்களை ஈண்டு ஆராய முற்படுவோம்.

மகாவலி ஆறு கண்டி நகரை வளைந்து செல்வது. அதன் அப்பாற்கரையில், நகரின் வடகிழக்கே, தும்பறைப் பிரதேசத்தில் மடவளை அமைந்துள்ளது. கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் பின்வாங்கும் எப்படையும் மகாவலியைத் தாண்டியே செல்லவேண்டும். கண்டியரின் போர் முறையில் ஆறும் காடும் மழையும் நோயும் மன்னனின் படைக்கலங்களுக்கு இணையான வலிமை பெற்றிருந்தன. பகைவனை நகருக்குள் புகவிட்டு, உணவு வழிகளை அடைத்து, பருவகாலம் தன் வேலையைச் செய்யும்வரை காத்திருத்தலே அம்முறையாகும்.

1803ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்டோவல் கொழும்பிலிருந்தும் பார்பட் திருகோணமலையிலிருந்தும் படை நடத்திக் கண்டியை அடைந்தபோது, நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்திய பிரித்தானியர், ஏப்ரல் தொடக்கத்திற் காவற்படையொன்றை மாத்திரம் அங்கு நிறுத்திவிட்டுத் திரும்பினர். மூன்று மாதங்களுக்குள் அக்காவற்படை காய்ச்சலால் உருக்குலைந்தது. பார்பட்டே மே மாதத்திற் காய்ச்சலுக்கு இரையானார். யூன் 24ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்தபோது, எழுந்து நின்று போரிடத்தக்க ஐரோப்பியர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அவர் வெளியேறுகையில் நடக்கவியலாத நோயாளர் ஏறத்தாழ 120 முதல் 150 பேர் வரை வைத்தியசாலையிலேயே விடப்பட்டனர். அவர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். டேவியுடன் சென்றோர் மகாவலியைக் கடக்க வள்ளங்களோ தெப்பங்களோ இன்றி வட்டபுலுவவில் தேங்கி நின்று அழிந்தனர். வைத்தியசாலையிற் கிடந்தோருள் சார்ஜன்ற் தியோன் என்பவர் உயிர்தப்பி, 1815 வரை கண்டியிலேயே வாழ்ந்தார்.

படுக்கையிற் கிடந்தோரைக் கொன்றமை எந்நியாயத்துக்கும் உட்படாத கொடுஞ்செயலே. ஆயினும், அதனைக் கண்டியரின் இயல்பான கொடூரத்துக்குச் சான்றாகக் காட்டிப் பிற்காலப் படையெடுப்புகளை நியாயப்படுத்திய குடியேற்றவாத வரலாற்றாசிரியர் ஒரு வினாவை எழுப்பத் தவறினர். நோயாளர் ஏன் விடப்பட்டனர்? அவர்களைச் சுமக்க ஆளில்லை என்பதே விடை. இவ்விடத்திலேதான் படை மருத்துவத்தின் அடித்தளம் எமக்குப் புலப்படுகின்றது.

வண்டிப் பாதையற்ற மலைநாட்டில் நோயாளரையும் காயமுற்றோரையும் தூளிகளில் மனிதரே சுமக்கவேண்டியிருந்தது. அரிசி, மருந்து, வெடிமருந்து ஆகியனவும் மனிதர் தலையிலும் தோளிலுமே சென்றன. இச்சுமைகாரர் கரையோர மாகாணங்களிலிருந்து பெரும்பாலும் கட்டாயத்தின் பேரிற் கொண்டுவரப்பட்டோராவர். 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை சென்று, மகாவலியைத் தாண்டித் திருகோணமலைக்குத் திரும்பிய கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன், 1810இல் வெளியிட்ட தம் நூலில் கூலிகளின் இன்றியமையாமையைத் தெளிவாக எடுத்துரைக்கின்றார். கண்டியர் அவர்களையே குறிவைத்தனர். கூலிகள் ஓடிவிட்டாற் படை நகரவியலாது. ஆனால், அவர்தம் பெயர்களோ ஊர்களோ நூலில் இடம்பெற்றில. படையின் கால்களாக விளங்கியோர் படையின் வரலாற்றிற் பண்டங்களோடு பண்டமாகவே எண்ணப்பட்டனர்.

கண்டியரசிலும் மருத்துவ மரபொன்று இருந்தமையை மறத்தலாகாது. அரச மருந்துச்சாலையான பெஹெத்கேயிற் சிங்கள வைத்தியரோடு முஸ்லிம் வைத்தியரும் பணியாற்றினர். கோபால என்னும் குடிப்பெயர் கொண்ட முஸ்லிம் வைத்தியக் குடும்பம் அரசரிடம் நிலமானியம் பெற்றமையை லோர்ணா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தம் ஆய்விலே எடுத்துக்காட்டியுள்ளார். தமிழ் பேசும் மலைநாட்டு முஸ்லிம்கள் வணிகத்தோடு மாத்திரம் நின்றவர்களல்லர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியை அவர்கள் அடக்கிய காலத்தில் இரு படை வைத்தியர் இந்நாட்டில் இருந்தனர். ஒருவர் ஜோன் டேவி. இவர் மேற்குறித்த மேஜர் டேவியின் வேறானவர். விஞ்ஞானி ஹம்ப்றி டேவியின் தம்பி. மற்றவர் 1808 முதல் 1821 வரை இங்கு பணியாற்றிய ஹென்றி மார்ஷல். கிளர்ச்சியிற் பிரித்தானியர் பக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம்பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரை நோயே கொன்றது. கண்டியரோ வாளாலும் பஞ்சத்தாலும் நோயாலும் பதினாயிரம்வரை மாண்டிருப்பர் என 1821இல் ஜோன் டேவி மதிப்பிட்டார். நெல்லும் குடிமனைகளும் எரிக்கப்பட்ட நாட்டிற் பஞ்சமும் நோயும் இயற்கையின் செயல்களல்ல. அவை போரின் கருவிகள்.

மார்ஷல் பின்னர் டல்லொக் என்பாருடன் இணைந்து, 1835 முதல் பிரித்தானியப் படைகளின் நோய், இறப்பு விபரங்களைத் தொகுக்கலானார். அவ்வறிக்கைகளின்படி, இங்கிலாந்திலிருந்த படையினரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 15 பேர் இறக்க, இலங்கையிலிருந்த ஐரோப்பியப் படையினரில் எழுபது அளவினர் இறந்தனர். வீரனின் இறப்பு விதியன்று, தவிர்க்கத்தக்கதே என எண்களால் நிறுவியமை மார்ஷலின் பெருந்தொண்டாகும். வீரர்க்கான சாட்டையடித் தண்டனையையும் அவர் கண்டித்தார். எனினும், அவ்வறிக்கைகள் படைப்பட்டியலில் இருந்தோரையே எண்ணின. மலாயர், ஆபிரிக்கர், இந்தியர் எனப் படையினரை இனவாரியாக வகுத்த அதே கணக்கிலே, தூளி சுமந்தோர்க்குத் தனி நிரல் இருக்கவில்லை.

கண்டியிற் படைகளைக் கரைத்த காய்ச்சலில் மலேரியாவுக்குப் பெரும்பங்குண்டு. அதனை நுளம்பு காவுவதற்கான சான்றை 1897இற் செகந்திராபாத்திற் கண்டவர் இந்திய மருத்துவச் சேவையின் படை வைத்தியரான றொனால்ட் றொஸ். அவருக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. நுளம்பொன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுத் தம் உடலைக் கடிக்கக் கொடுத்த நோயாளி ஹுசைன் கானைப் பலர் அறியார்.

1944இல் மவுண்ட்பேற்றன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றியபோதும் படைகளை வாட்டிய பகை அதுவே. 1943இற் பர்மா முனையிற் காயமுற்று அகற்றப்பட்ட ஒருவருக்கு, நோயுற்று அகற்றப்பட்டோர் 120 பேர் எனத் தளபதி ஸ்லிம் கணக்கிட்டார். மெப்பக்கிரீன் மாத்திரையும் கண்டிப்பான ஒழுங்குமுறையும் இரண்டாண்டுகளுள் அந்நிலையை மாற்றின. ஆனால், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வறிய கிராமத்தவர். நுளம்பைப் பற்றிய அறிவு அப்போது 37 ஆண்டு முதுமையுடையது. போருக்குத் தேவையான உடலைக் காக்க இரண்டாண்டுகள் போதுமாயிருந்தன. உழவனின் உடலுக்கு ஒரு தலைமுறையும் போதவில்லை. போரின் பின்னர் டி.டி.ரி. தெளிப்பும், சுதந்திர இலங்கையின் இலவச சுகாதார சேவையுமே நிலையை மாற்றின. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் அரசு யாரை எண்ணுகின்றதோ அவரையே முதலிற் காப்பாற்றுகின்றது என்னும் உண்மை தெளிவாகும். படை மருத்துவத்தின் அறிவு மனித குலத்தின் பொதுச்சொத்து. அதனை ஈட்டியவர் பட்டம் பெற்ற வைத்தியர் மாத்திரமல்லர். தூளி சுமந்தோரின் வரலாறும், மலைநாட்டு வைத்தியக் குடும்பங்களின் ஏடுகளும், மடவளை போன்ற ஊர்களின் வாய்மொழி மரபும் எம் ஆய்வாளரின் கவனத்தைப் பெறல் வேண்டும். எண்ணப்படாதோரை எண்ணத் தொடங்குதல் வரலாற்று மாணவரின் முதற்கடனாகும்.