பழைய எஸ்.எம்.ஜி.க்களின் மாற்று போல்ட்டுகள்: ஒரு லேத்காரனின் ஒப்பீடு

மீள்குடியேற்றம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காணி துப்புரவாக்கிக் கொண்டிருந்த அயலவர் ஒருவர், மண் அப்பிய இரும்புக் குழாய் ஒன்றை மகனின் தோளில் தூக்கிவைத்து எனது பட்டறைக்குக் கொண்டுவந்தார். “அண்ணை, ஓட்டை ஓட்டையா இருக்கு. ரெண்டாய் வெட்டித் தந்தா தண்ணித் தொட்டிக்கு வடிகட்டியாப் போடலாம்” என்றார்.

அது வடிகட்டி அல்ல. ஸ்ரேலிங் உப இயந்திரத் துப்பாக்கியின் முன்குழல். எண்பதுகளில் நாங்கள் எஸ்.எம்.ஜி. என்று சொன்ன அதே சாமான். பக்கவாட்டில் ரவைக்கூடு துருவோடு ஒட்டியிருந்தது. பையனின் விரல் போல்ட்டின் கைபிடிமேல் இருந்தது. “தம்பி, கையை எடு. மெதுவாக் கீழே வை. இழுக்காதே” என்று சொன்னதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கு அறிவித்தோம். வந்து எடுத்துப்போனவர்கள், கூட்டுக்குள் ரவைகள் இருந்ததாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்த ஓர் இரும்புத் துண்டைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். உலகப் போர்க்காலத் துப்பாக்கிகளுக்கு இன்றும் புதிதாக போல்ட் செய்து விற்கும் சந்தை ஒன்று அமெரிக்காவில் இருப்பதை அப்படித்தான் அறிந்தேன். இவற்றில் எதையும் நான் கடைந்து பார்த்தவனல்ல. லான்ட்மாஸ்டருக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் உதிரிப்பாகம் செய்து பிழைப்பவனின் கண்ணால் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போல்ட் என்றால் என்ன?

ஸ்ரென், ஸ்ரேலிங், தொம்சன், ஜேர்மனியின் எம்.பி.40, அமெரிக்காவின் எம்3 ஆகியவை எல்லாம் திறந்த போல்ட்டிலிருந்து சுடுபவை. கைபிடியை இழுத்தால் கனமான போல்ட் பின்னால் போய்ச் சுருளியை அமுக்கி நிற்கும். விசையை அழுத்தினால் அது முன்னால் பாய்ந்து, போகிற வழியில் கூட்டிலிருந்து ஒரு ரவையைத் தள்ளிக்கொண்டுபோய் அறைக்குள் புகுத்தி வெடிக்கவைக்கும். பெரும்பாலானவற்றில் ரவையின் பின்புறத்தை அடிக்கும் ஊசி போல்ட்டின் முகத்திலேயே அசையாமல் நிற்கிறது. வெடிப்பின் உதைப்பைத் தாங்குவதும் போல்ட்டின் எடைதான்.

ஆகவே, சாதாரணத் துப்பாக்கியில் பல உறுப்புகள் பிரித்துச் செய்யும் வேலையை இங்கே ஒரே உருளை செய்கிறது. அது பழுதானால் துப்பாக்கி வெறும் குழாய். நல்லதாக ஒன்று கிடைத்தால் எழுபது வருடக் குழாயும் திரும்பத் துப்பாக்கி.

எதற்காக இந்தச் சந்தை?

அமெரிக்காவில் 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் வைத்திருக்கும் தானியங்கித் துப்பாக்கிகள் பதிவுசெய்யப்பட வேண்டும். 1986 மே 19 ஆம் திகதியுடன் புதியவற்றைத் தனியாருக்காகப் பதிவதும் நிறுத்தப்பட்டது. அன்றைக்குப் பதிவில் இருந்தவை மாத்திரமே இன்றும் கைமாறுகின்றன. எண்ணிக்கை கூடாது, விலை ஏறிக்கொண்டே போகிறது.

பொதுவாகப் பதிவு இலக்கம் இருப்பது உடற்பகுதியில். போல்ட் தேயலாம், வெடிக்கலாம், மாற்றலாம். உடலை மாற்ற முடியாது. விலையுயர்ந்த உடலைக் காப்பாற்ற மலிவான போல்ட் ஒன்றைத் தேடுவதில்தான் இந்த வியாபாரம் நிற்கிறது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1986 இற்கு முன்னர் சில ஊசி துப்பாக்கிகளுக்கு, உடலுக்குப் பதிலாக போல்ட்டையே பதிவுசெய்திருந்தார்கள். அங்கே சட்டத்தின் கண்ணில் போல்ட்தான் துப்பாக்கி. அது வெடித்தால் புதியது வாங்கிப் போட முடியாது.

நான்கு வகைகளின் ஒப்பீடு

முதலாவது, போர்க்காலத்து அசல். பழைய துப்பாக்கிகளின் உடலைத் தீயால் வெட்டி, மிகுதியை உதிரிப்பாகமாக இறக்குமதி செய்தபோது வந்தவை இவை. தரமும் ஒரே சீராக இல்லை. 1941 இல் பிரித்தானியா அவசரத்தில் உருவாக்கிய ஸ்ரென், சுமார் 40 இலட்சம் செய்யப்பட்டது. பல சிறு பட்டறைகள் பாகங்களைப் பகிர்ந்து செய்தன. போல்ட்டுகளில் உருக்கும் உண்டு, வெண்கலமும் உண்டு. அசல் என்ற சொல் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதை உதிரிப்பாகக் கடைக்குப் போய்வந்த எவரும் அறிவர். ஆயினும் அசலுக்கு ஒரு பலம் இருக்கிறது. அது ஏற்கெனவே சோதிக்கப்பட்டது.

இரண்டாவது, புதிதாகச் செய்யப்படும் நகல். பார்வைக்கு அசலைவிட அழகு. ஆனால் அழகில் வேலை ஓடாது. இரும்பு மென்மையாக இருந்தால் முகம் நசியும்; அளவுக்கு மீறி இறுகினால் வெடிப்பு விழும். ஸ்ரேலிங்கில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. ஜோர்ஜ் பற்செற் என்ற வடிவமைப்பாளர் அதன் போல்ட்டின் உடலைச் சுற்றிச் சரிவான வரிகளை வைத்தார். மணலும் அழுக்கும் உள்ளே போனால், அந்த வரிகள் சுரண்டி ஒதுக்கிவிடும். வரிகளற்ற நகலை அசலுக்குச் சமன் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, எடை மாற்றியது. போல்ட் கனமாக இருந்தால் அது போய்வர அதிக நேரம் எடுக்கும். சுடும் வேகம் குறையும். இது புதுச் சிந்தனை அல்ல. தொம்சனின் 1921 மாதிரி அளவுக்கு மீறி விரைவாகச் சுட்டதால், 1928 இல் அமெரிக்கக் கடற்படைக்காகப் போல்ட்டோடு சேர்ந்து அசையும் பாகத்தின் எடையைக் கூட்டி வேகத்தைக் குறைத்தார்கள். சிறிய, இலேசான மாக்-10 நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரவைகள் என்ற வேகத்தில் சுடும். அதை அடக்கவே பின்னாளில் கனமான மாற்று போல்ட்டுகள் வந்தன. நான்கு வகைகளில் அசலைவிட மேம்பட்டது என்று ஒப்புக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான். ஏனெனில் இது அசலின் குறை ஒன்றைத் திருத்துகிறது.

நான்காவது, மூடிய நிலையிலிருந்து ஒவ்வொரு ரவையாகச் சுடும் போல்ட். 1982 இல் அமெரிக்க அதிகாரிகள், திறந்த போல்ட்டில் இயங்கும் சில ஒற்றைச்சுட்டு ஆயுதங்களை இலகுவில் தானியங்கியாக மாற்றலாம் என்று தீர்மானித்து, புதிதாகச் செய்யப்படுபவற்றைத் தானியங்கி வகைக்குள் சேர்த்தார்கள். அதன்பின் பழைய தோற்றத்தில் ஒற்றைச்சுட்டுத் துப்பாக்கி செய்பவர்கள் உள்ளமைப்பையே மாற்றவேண்டி வந்தது. தோற்றம் பழையது, இதயம் வேறு. இதைப் பழையதன் மாற்று என்று சொல்வதே பொருந்தாது.

எந்தப் போல்ட்டும் தீர்க்காத குறை

மேலே சொன்ன முதல் மூன்று வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. போல்ட் முன்னால் இருக்கிறது, அறையில் ரவை இல்லை, கூட்டில் ரவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு ஆபத்தில்லை என்றுதான் தோன்றும். ஆனால் துப்பாக்கி பின்புறம் தரையில் அடிபட விழுந்தால், கனமான போல்ட் தன் எடையாலேயே பின்னுக்குப் போகும். விசை அதைப் பிடித்துவைக்கும் இடம்வரை போகாமல், ரவையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் போய்த் திரும்பினால், சுருளி அதை முன்னால் தள்ளும். யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கும்.

ஸ்ரென் இதற்குப் பேர்போனது. பிந்திய ஸ்ரென்களில் கைபிடியை உள்ளே அழுத்திக் குழலிலுள்ள துளையில் பூட்டிவைக்க வழிசெய்தார்கள். ஜேர்மனியர்கள் எம்.பி.38 இல் இதே விபத்துகளைக் கண்டு, முதலில் தோல் பட்டியால் கைபிடியைக் கட்டினார்கள். பிறகு இரண்டு துண்டுக் கைபிடி வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பூட்டுகளும் மனிதக் கை நினைவாகப் பூட்டினால்தான் வேலை செய்யும். எவ்வளவு திறமான மாற்று போல்ட்டை வாங்கிப் போட்டாலும் எடையும் சுருளியும் நிலைத்த ஊசியும் இருக்கும்வரை இந்தக் குறை அப்படியே இருக்கும்.

எமது மண்ணில்

ஸ்ரேலிங் 1953 இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்டது. இந்தியா அதைக் கான்பூரில் உற்பத்தி செய்தது. இங்கும் சீருடைக்காரர் கைகளில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. டாகன்ஹாமில் அதைச் செய்த தொழிற்சாலை எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. செய்த இடம் இல்லை. செய்த சாமான் எங்கள் காணிக்குள் கிடக்கிறது.

அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு பழைய போல்ட் ஒரு பொழுதுபோக்கு. பிரித்தானியாவில் செயலிழக்கச் செய்யும் துப்பாக்கிகளுக்கான விதிகளை 1995 இல் இறுக்கியபோது போல்ட்டும் குறிவைக்கப்பட்டது. அது முழுதாக இருக்கும்வரை துப்பாக்கி செத்ததாகக் கணக்கில்லை என்பதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள். எமக்கு இது பொழுதுபோக்கு அல்ல. மண்வெட்டியில் தட்டுப்படும் துருவேறிய குழாய்க்குள் சுருளி இன்னும் அமுங்கியிருக்கலாம். துரு போல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒரு தட்டில் அந்தத் துரு விடலாம்.

ஆகவே இந்த ஒப்பீட்டிலிருந்து எமது ஆட்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சிறியது. போல்ட் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவெடுக்காதீர்கள். கைபிடியை இழுத்துப் பார்க்காதீர்கள். ரவைக்கூட்டைக் கழற்ற முயலாதீர்கள். பழைய இரும்புக்காரனிடமும் என்னைப் போன்ற லேத்காரனிடமும் கொண்டுபோகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, கண்ணிவெடி அகற்றுவோருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

அறிவித்தால் விசாரணை வரும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அயலவரும் அன்று அதைத்தான் கேட்டார்: “இதைச் சொன்னா எங்களைத்தானே அண்ணை கேப்பாங்கள்?” கேட்டார்கள்தான். இரண்டு நாள் அலைந்தார். தனியாகப் போகாமல் ஊரவர் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவருக்கு உதவியது.

அந்தப் பையன் இப்போது என் பட்டறையில் வேலை பழகுகிறான். இனந்தெரியாத இரும்பு எது வந்தாலும் முதலில் தொடாமல் என்னைக் கூப்பிடுகிறான். லேத் வேலையில் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.